ஏழு இடத்தில் நின்ற யூலியானா

நெடுந்தீவு கிழக்கில் வசிக்கும் யூலியானாவுக்கு அரசியலில் ஈடுபாடு கிடையாது. அவருக்கு இரண்டு பசுக்களும் ஒரு கன்றும் முழங்கால் வருத்தமும் இருந்தன. புரட்டாதி மாதத்தில் ஒருநாள் காலை, முழங்காலுக்கு மருந்தெடுக்க யாழ்ப்பாணம் போவதற்காக அவர் இறங்குதுறைக்கு வந்தார். படகு வெளிக்கிடவில்லை. ஒரு வேட்பாளர் வருகிறாராம். அவர் வந்து இறங்கிப் பேசி முடிக்கும்வரை படகு ஓடாதாம். ஆகவே யூலியானா மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு வெயிலில் நின்றார். படகுக்காகக் காத்து நின்றவர்கள் எல்லாமாகப் பன்னிரண்டு பேர். வேட்பாளரை வரவேற்க வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் மாலையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ‘நடுநிலை’ பத்திரிகையின் முதற்பக்கத்தில் பெரிய படம் வந்தது. தலைப்பு: ‘அலைகடலெனத் திரண்டது நெடுந்தீவு’. சனம் இறங்குதுறையில் இடம் போதாமல் கடலுக்கு மேலும் நின்றது. கூட்டத்தில் யூலியானா மஞ்சள் குடையோடு ஏழு இடங்களில் காணப்பட்டார். ஓரிடத்தில் அவருக்குப் பக்கத்திலேயே அவர் நின்றார்.

அன்றே எதிர்க்கட்சி சார்பான ‘மெய்யொளி’ பத்திரிகையிலும் அதே இடத்தின் படம் வந்தது. தலைப்பு: ‘வெறிச்சோடிய இறங்குதுறை’. அதில் ஒரு மனுசரும் இல்லை. ஆட்களை அழித்தவர் அவசரத்தில் குடையை மறந்துவிட்டதால், ஒரு மஞ்சள் குடை மட்டும் அந்தரத்தில் நின்றது. இதுபற்றி வாசகர் எவரும் முறையிடவில்லை. ‘நடுநிலை’ வாசிப்பவர்கள் ‘மெய்யொளி’ வாசிப்பதில்லை. ‘மெய்யொளி’ வாசிப்பவர்கள் குடையைப் பார்ப்பதில்லை.

விடயம் இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் யூலியானா மழைநீர்த் தாங்கி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். அவருடைய கிணற்றுத் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீருக்கு, முழங்கால் வருத்தத்தோடு ஒன்றரை மைல் சைக்கிள் உருட்ட வேண்டும். தாங்கி வழங்குவதற்கென்றே ‘தீவக நன்னீர்த் தாங்கி ஒதுக்கீட்டு இணைப்பலகு’ என்றோர் அலுவலகம் இருந்தது. அதன் பதில் பொறுப்பதிகாரி இலட்சுமணன் அவரைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்.

“அம்மா, அரசியல் கூட்டத்திலை பங்குபற்றினவைக்குத் தாங்கி குடுக்கேலாது. சுற்றுநிருபம் இருக்கு.”

“நான் கூட்டத்துக்குப் போகேல்லை ஐயா. படகுக்கு நிண்டனான்.”

“எத்தினை இடத்திலை நிண்டனீங்கள்?”

“ஒரு இடத்திலைதான்.”

இலட்சுமணன் ‘நடுநிலை’யை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அதில் ஏழு சிவப்பு வட்டங்கள் போடப்பட்டிருந்தன. “ஒருக்கா எண்டால் தற்செயல் எண்டு எழுதிவிடுவன். ஏழு எண்டால் அது கொள்கை.”

“ஒரு ஆள் எப்பிடி ஐயா ஏழு இடத்திலை நிக்கிறது?”

“அதுக்குத்தான் நானும் விளக்கம் கேக்கிறன். எழுத்திலை தாங்கோ.”

“மற்றப் பேப்பரைப் பாருங்கோ. அதிலை ஒருத்தரும் இல்லையே!”

இலட்சுமணன் பக்கம் சாராத உத்தியோகத்தர். ‘மெய்யொளி’யையும் விண்ணப்பக் கோவையில் வைத்திருந்தார். “அதைப் பாத்தால் நீங்கள் நெடுந்தீவிலையே இல்லை. பிறகு உங்கடை வதிவிடமே கேள்வியாப் போகும். உங்களுக்கு உதவி செய்ய வேணுமெண்டுதான் நான் ஏழு எண்டதை எடுத்தனான்.”

“என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ ஐயா, நான் ஒரு ஆள்தானே?”

“முகம் ஆவணமில்லை அம்மா.”

யூலியானா அடுத்த படகில் யாழ்ப்பாணம் போய், ‘நடுநிலை’ ஆசிரியர் தம்பிஐயாவைக் கண்டார். அவர் தேத்தண்ணி கொடுத்து உபசரித்தார்.

“படத்திலை பிழை இல்லைத் தங்கச்சி. சனத்தின்ரை மனதிலை இருந்த கூட்டத்தைத்தான் நாங்கள் காட்டினனாங்கள். கமெராவாலை மனதை எடுக்கேலாது பாருங்கோ.”

“என்ரை மனதிலை முழங்கால் வருத்தம்தான் இருந்தது. நான் ஒரு ஆள் எண்டு ஒருக்காப் போட்டுவிடுங்கோ.”

“கட்டாயம் போடுவம். பிழையை ஒப்புக்கொள்ள நாங்கள் ஒருநாளும் பின்னுக்கு நிண்டதில்லை.”

மூன்றாம் நாள், பதினோராம் பக்கத்தில், ஒரு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை அழைப்பிதழுக்குக் கீழே அது வந்தது: ‘எமது படத்தில் ஏழு இடங்களில் காணப்பட்ட பெண்மணியின் பெயர் யூலியானா என்பதை அறியத்தருகிறோம்.’

இதைக் கண்ட ‘மெய்யொளி’ உடனே தன் படப்பிடிப்பாளர் மிரோஜனை நெடுந்தீவுக்கு அனுப்பியது. அவர் யூலியானாவைப் பசுக்களோடு நிறுத்திப் படமெடுத்தார். யூலியானா, படம் எடுக்கிறார்களே என்று சிரித்தார். அடுத்த நாள் ‘ஏழு முறை ஏமாற்றப்பட்ட தாயின் கண்ணீர்’ என்ற தலைப்பில் அவர் அழுதுகொண்டு நின்றார். பசுக்களின் விலா எலும்புகளை எண்ணக்கூடியதாக இருந்தது. கன்று கொழுகொழுவென்று இருந்தபடியால் அதை நீக்கிவிட்டார்கள்.

இனித் தாங்கி கிடைத்த மாதிரித்தான் என்று யூலியானாவுக்கு மனம் விட்டுப்போனது. ஆனால் இலட்சுமணன் இரண்டு பத்திரிகையையும் பக்கம் பக்கமாக வைத்து நெடுநேரம் ஆராய்ந்தார்.

“ஒரு கட்சி எண்டால் பக்கச்சார்பு. ரெண்டு கட்சியும் உரிமை கோரினால், நீங்கள் பக்கம் சாராதவர் எண்டுதானே கருத்து?” என்று சொல்லி, விண்ணப்பத்தில் ‘சிபாரிசு செய்கிறேன்’ என்று எழுதினார்.

தேர்தல் முடிந்தபின் தாங்கி வழங்கும் வைபவம் நடந்தது. பயனாளிகள் இருவர்: யூலியானாவும், அவருடைய பக்கத்து வளவு றஞ்சனியும். இருவருக்கும் இடையிலுள்ள கல்வேலி ஒரு முழம் நகர்ந்த விவகாரத்தில் மூன்று வருடமாகப் பேச்சில்லை. மேடையில் இருந்தது ஒரே ஒரு நீலத் தாங்கி. அதை இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உண்மையான தாங்கிகள் பத்திரிகைப் படத்தை ஆதாரமாகக் கோவையில் சேர்த்த பின்னர் வீடுகளுக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது.

வைபவம் முடிய, படமெடுக்க வந்திருந்த ஒரே பத்திரிகை ஆளான மிரோஜனை யூலியானா ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“தம்பி, உங்களுக்குப் படத்திலை இருந்து ஆளை எடுக்கத் தெரியும்தானே?”

“அது ரெண்டு நிமிச வேலை அன்ரி. ஆரை?”

யூலியானா கண்ணால் காட்டினார்.

அடுத்த நாள் ‘மெய்யொளி’யில் யூலியானா தனியே தாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். றஞ்சனி நின்ற இடத்தில் ஒரு பனைமரம் நின்றது. யூலியானா படத்தை வெட்டிச் சோற்றுப்பசை பூசிச் சுவரில் ஒட்டினார். பின்னேரம் போல தாங்கியும் வந்து இறங்கியது. அதன் பின்னால் இலட்சுமணன் கோவையோடு வந்தார். அவருக்குப் பின்னால், வெறும் தண்ணீர்க் கானோடு றஞ்சனி. அழுதிருந்தார் என்று முகத்தில் தெரிந்தது.

“பேப்பரின்படி பயனாளி ஒராள்தான்” என்றார் இலட்சுமணன். “இவ தானும் நிண்டனான் எண்டு சொல்லுறா. பக்கத்திலை நிண்டது நீங்கள். இவ நிண்டவவோ?”

“சொல்லுங்கோ அக்கா,” என்றார் றஞ்சனி. மூன்று வருடத்தில் அதுதான் முதற்பேச்சு. “என்ரை கையும் உங்கடை கையும் தாங்கியிலை முட்டினதெல்லே?”

யூலியானா றஞ்சனியின் முகத்தைப் பார்த்தார். கானைப் பார்த்தார். பிறகு எழும்பி, சுவரில் ஒட்டியிருந்த படத்துக்குக் கிட்டப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலும் கீழும் கவனமாகத் தேடினார்.

“படத்திலை காணேல்லையே ஐயா,” என்றார்.

இலட்சுமணன் அதை எழுதிக்கொண்டார்.