மாமியாரின் சம்புத் தொட்டி

தொட்டியில் நின்ற சம்பின் நுனிகள் மூன்று நாளாகப் பழுத்துக்கொண்டிருந்தன. மாமியார் திரும்பி வர இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

சலூன்காரர் மொட்டைமாடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரையில் ஆளுயரத்துக்கு நிற்குமே, உச்சியில் பழுப்பு நிறத்தில் மெத்து மெத்தென்று கதிர் விடுமே, அந்தச் சம்புதான். மாமியார் ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ். இந்த மண்ணுக்கே சொந்தமான செடி என்று சொல்லி, பழைய குளியல் தொட்டி ஒன்றில் சேறும் தண்ணீருமாக அதை வளர்த்துவந்தார். ஏழு வருடமாக மருமகனை அதன் பக்கத்தில் அண்டவிட்டதில்லை. இந்த முறை மகன் வீட்டுக்குக் கிளம்பும்போது, "மாப்பிள்ளை, பாத்துக்குங்க" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"எங்கம்மா உங்கள நம்பி ஒண்ண விட்டுட்டுப் போறது இதுதான் முதல் தடவை," என்றாள் மனைவி. "என்னைக் கட்டிக் கொடுத்தப்பகூட ஒரு வருஷம் யோசிச்சாங்க."

"நுனிதானே பழுத்திருக்கு? நம்ம தொழில்தானே?" என்று கத்தரிக்கோலும் சீப்புமாக வந்தார் அவர்.

நுனியை வெட்டினார். இடது பக்கம் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. அதைக் குறைத்தார். இப்போது வலது பக்கம் தூக்கலாக நின்றது. இருபது வருடத் தொழில் புத்தி சும்மா விடவில்லை. அவர் நிமிர்ந்தபோது தண்ணீருக்கு மேலே ஒரு சாண்தான் மிச்சம்.

துணி காயப்போட வந்த மனைவி வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க இது?"

"ட்ரிம் பண்ணேன். இனிமே அடர்த்தியா வளரும்."

"கஸ்டமருக்கு சொல்றதையே செடிக்கும் சொல்றீங்க."

சீக்கிரம் வளரட்டும் என்று தொட்டி விளிம்புவரை தண்ணீர் விட்டார். வெட்டிய தண்டெல்லாம் முங்கிப்போயின. நாலாம் நாள் தண்ணீர் நாறியது, கொசுப்புழு நெளிந்தது. புழுவைத் தின்ன மீன்குஞ்சு வாங்கி விட்டார். மீனைத் தின்னப் பக்கத்து வீட்டுப் பூனை வந்தது. வந்த பூனை தொட்டிக்குள் விழுந்து, சேறும் சகதியுமாக எழுந்து, கொடியில் காய்ந்த வெள்ளைப் போர்வை மேல் ஏறி ஓடியது.

கூப்பிட்டதும் வந்த செடி நர்சரிக்காரர் அழுகிய கிழங்கை முகர்ந்து பார்த்தார். "இலை வழியாத்தான் இதோட வேருக்குக் காத்து போகும். வெட்டினதுகூடப் பரவால்ல. வெட்டிட்டு முக்கினீங்க பாருங்க, அது மூக்கைப் பொத்தின மாதிரி."

"பொழைக்குமா?"

"செடி பொழைக்காதுங்க."

"எங்கம்மா வந்தா நீங்களும்தான்," என்றாள் மனைவி.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக இருவரும் ஸ்கூட்டரில் ஏரிக்குப் போனார்கள். மனைவி காவல் நிற்க, அவர் முழங்கால் சேற்றில் இறங்கி ஒரு தூரைக் கிழங்கோடு பெயர்த்துக்கொண்டு வந்து தொட்டியில் நட்டார்.

இந்தத் தடவை கத்தரிக்கோல் மாடிக்கே ஏறவில்லை. தினமும் விரலை விட்டுத் தண்ணீரை அளந்தார். பழுத்த இலையை மட்டும் கையால் உருவினார். பத்தே நாளில் புது இலை கத்தி மாதிரி எழுந்தது. ஒரு காலையில் சின்னக் குருவி ஒன்று அதில் வந்து ஆடியது. அன்று டீ ஆறியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

மாமியார் பையோடு நேரே மாடிக்குத்தான் ஏறினார். தொட்டியை ஒரு சுற்று சுற்றினார். நாடி பார்ப்பதுபோல் ஒரு தண்டைப் பிடித்தார்.

"நல்லா பாத்துக்கிட்டீங்க, மாப்பிள்ளை. இனிமே இது உங்க பொறுப்பு."

ஒரு வாரம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக் காவலாளி சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். "ஏரியில சம்பு காணாமப் போகுதுண்ணே," என்றார், முகம் நிறைய நுரையோடு.

கத்தி அந்தரத்தில் நின்றது. "யாரு எடுக்கறாங்களாம்?"

"எனக்குத் தெரிஞ்சு ஒரு நர்ஸம்மாதான். அவங்க வளக்கறது வருஷா வருஷம் அழுகிடும். வீட்டுல சொல்லிடாதேன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டு, ஒரு தூரு பெயர்த்துட்டுப் போவாங்க."

"இந்த வருஷமும் எடுத்துட்டாங்களா?"

"இல்லண்ணே, நேத்து வந்து, 'இந்தத் தடவ எனக்கு வேணாம்ப்பா, எங்க மாப்பிள்ளையே பிடுங்கிட்டு வந்து வெச்சுட்டார்'னு சொல்லிட்டுப் போனாங்க."