நெட்டை வில்லா, குட்டை வில்லா?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வைராக்கியங்களோடு எழும்பினேன். ஒன்று, எனக்கென்று ஒரு வேட்டை வில்லைத் தெரிவு செய்வது. மற்றது, எங்கள் பின்வளவுப் பைன் மரத்தில் கைவைப்பதில்லை என்பது. முதலாவது புது வைராக்கியம். இரண்டாவது, ஹில்ஸ்பரோவில் வீடு வாங்கிய நாளிலிருந்து நான் கட்டிக்காத்து வருவது.

பூமியின் தென்பாதியில் கிடக்கிற இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாக நடப்பான். எங்கள் மரமும் வடக்குப் பக்கமாகவே நின்றது. எங்கள் பங்கு வெயிலை முழுதாகக் குடித்துவிட்டு, மழையை மட்டும் தாராளமாக எங்களுக்கு விட்டது. உடுப்பு காயாது. மிளகாய்க் கன்று வளராது. குசினியில் பட்டப்பகலில் லைட் போடவேண்டும். இதற்கெல்லாம் என் மனைவி வசந்தமலர் என்னைத்தான் குற்றம் சொல்வாள், ஏதோ அந்த மரத்தைப் பெற்றவன் நான் என்பதுபோல.

“ஒரு ஆளைக் கூப்பிட்டு வெட்டுவிப்பமே?”

“ஆம்பிளை நான் இருக்க ஆளுக்குக் காசோ?”

“அப்ப நீங்கள் வெட்டுங்கோ.”

“கிழமை முழுக்கப் பென்ரோஸ் ஸ்டோரிலை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறன். ஞாயிறு ஒருநாள்தான் மனுசன் மாதிரி இருக்கிறன். அதையும் பறியாதையும்.”

மனுசன் மாதிரி என்றால் சோபாவில் படுத்து, அந்த வருஷ உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதியாட்டக் கசெட்டைத் திரும்பவும் போட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு ஞாயிறும் இலங்கை வென்றது. வீட்டில் நானும் வென்றேன்.

இப்படி இருக்கையில்தான் எங்கள் சூப்பர்வைசர் ட்ரெவர் என்னை மான் வேட்டைக்குக் கூப்பிட்டான். அவனுடைய மச்சானுக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே மரத்தில் பலகை கட்டி, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தால் மான் தானாகக் கீழே வருமாம். வேட்டைக்குப் போகாத ஆம்பிளையை ட்ரெவர் அரை ஆம்பிளையாகத்தான் கணக்கெடுப்பான். எனக்கோ முழு ஆம்பிளையாகிவிட வேண்டுமென்று ஆசை பிடித்துவிட்டது. வியாழக்கிழமை அவன் தன் வில்கள் இரண்டையும் சில அம்புகளையும் இரவல் தந்தான்.

“நெட்டையானது கையில் ஆடாது, குறி நிற்கும். குட்டையானது ஆடும், ஆனால் மரத்தில் வைத்துத் திருப்புவது சுகம். உனக்கு எது சரிவருகிறதோ, அதேமாதிரி ஒன்றை வாங்கு. தரையில் நின்று மட்டும் முடிவெடுத்துவிடாதே. மரத்தில் ஏறிப் பார்” என்றான்.

வில்லைக் கண்டதும் வசந்தமலர் கேட்டாள்.

“என்னப்பா இது, வில்லுக்குக் கிணத்துக் கப்பி பூட்டிக் கிடக்கு?”

“இதுதான் கொம்பவுண்ட் வில்லு. அந்தக் கப்பிதான் விசயமே. இழுக்கத் தொடங்கேக்கை உயிர் போகும். முழுக்க இழுத்தாப்பிறகு பாரம் தெரியாது.”

“அட.”

“கலியாணம் இதுக்கு எதிர்மாறு.”

அவள் சிரிக்கவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. அம்புகளை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். ஞாயிறு காலை கராஜிலிருந்து ஏணியை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். வேறு நேரமென்றால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். தோளில் வில் தொங்கும்போது மனிதனுக்குப் புத்தி கொஞ்சம் மட்டுப்படுகிறது.

“ஏன் ஏணி?”

“மரத்திலை இருந்துதானே பாக்கச் சொன்னவர்?”

“இந்த மரத்திலையோ?”

“வேறை மரத்துக்கு நான் எங்கை போக? ஏறுறது வேறை, வெட்டுறது வேறை. ஏறுங்கோ.”

நியாயமாகத்தான் பட்டது. ஏறினேன். மரக்கவட்டில் பலகையைக் கட்டி, இடுப்பையும் கயிற்றால் மரத்தோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் குட்டை வில்லை எடுத்தேன். இடப்பக்கம் திருப்பினேன், வலப்பக்கம் திருப்பினேன். ஓரிடத்திலும் முட்டவில்லை.

“மலர், குட்டைதான். அலுவல் முடிஞ்சுது.”

“அதுக்கிடையிலையோ? குட்டை கையிலை ஆடுமெண்டு ட்ரெவர் சொன்னவரெல்லோ?”

“என்ரை கை ஆடாது.”

“காலமை தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கேக்கை பாத்தன். உங்கடை கைக்கு நெட்டைதான்.”

நெட்டையை இழுத்தேன். பாதி இழுக்கையிலேயே அதன் மேல்முனை ஒரு கொப்பில் போய் இடித்தது.

“இடிக்குது.”

“ஒரு கொப்புத்தானே? அந்தக் கொப்புக்குப் பயந்து குட்டையை வாங்கி, மான் தப்பினால் ட்ரெவரிட்டை என்னெண்டு சொல்லப்போறியள்?”

இதற்கிடையில் ஒரு வாளி கயிற்றில் மேலே வந்துகொண்டிருந்தது. அதற்குள் மரம் அரியும் கைவாள் இருந்தது. நான் வாளைப் பார்த்தேன். என் வைராக்கியத்தை நினைத்தேன்.

“மலர், மரத்தை வெட்டமாட்டன் எண்டு சொன்னனான்.”

“மரத்தை ஆர் வெட்டச் சொன்னது? கொப்பு. வேட்டைக்காரர் எல்லாரும் அம்பு போற வழியைத் துப்பரவாக்கிப் போட்டுத்தான் இருப்பினமாம்.”

அதுவும் நியாயமாகவே பட்டது. வெட்டினேன். கொப்பு விழுந்தது. என் தோளளவுக்கு வெயில் விழுந்தது.

“இனிச் சரி. நெட்டைதான்.”

“பொறுங்கோ. மான் ஒரிடத்திலை நிக்குமே? நான் மானாய் நிக்கிறன். நீங்கள் குறி பாருங்கோ.”

மான் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கொடிக்கம்பியடிக்குப் போய் நின்றது. குறி பார்த்தேன். இடித்தது. வெட்டினேன். மான் மிளகாய்க் கன்றடிக்குப் போனது. அங்கே மூன்று கொப்பு மறித்தது. மூன்றையும் வெட்டினேன். மான் குசினி ஜன்னலடியில் போய் நின்றது.

“மான் குசினியடிக்கும் வருமோ?”

“பசிச்சால் வரும்.”

பக்கத்து வீட்டு மரகதம் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தமிழ்நாட்டுக்காரி. அவர்கள் வளவிலும் ஓர் ஓக் மரம் எங்கள் மரத்துக்குப் போட்டியாக நிற்கிறது.

“என்னக்கா, அண்ணன் மரத்து மேல இருக்காரு?”

“வேட்டைக்கு வில்லுத் தெரிவு செய்யிறார்.”

“எது நல்லாருக்காம்?”

“இன்னும் முடிவில்லை. மேலை கொஞ்சக் கொப்புக் கிடக்கு.”

மத்தியானச் சாப்பாடும் வாளியில்தான் வந்தது. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். சாப்பிட்டு முடிய மான் கராஜுக்குப் பின்னால் போனது. என் கைகள் கழன்றுவிடும்போல நொந்தன. ஆனாலும் ஒவ்வொரு கொப்பு விழும்போதும் நெட்டை வில் இன்னும் சுகமாகத் திரும்பியது. எனக்கு ஒரே புளுகம், குதிக்காத குறை. பின்னேரம் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். மரத்தின் உச்சியில் ஒரு குடுமி மட்டும் மிஞ்சியிருந்தது. வளவு முழுக்க வெயில் கிடந்தது.

“முடிவு செய்திட்டன், மலர். நெட்டை. ஓரிடத்திலும் இடிக்கேல்லை.”

அவள் கொடியில் உடுப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“குட்டையை வாங்குங்கோ.”

“என்ன?”

“அந்தப் பண்ணை மரத்திலை இப்பிடி வெட்ட ட்ரெவரின்ரை மச்சான் விடுவாரே? கொப்பில்லாத மரத்திலை நீங்கள் இருந்தால் மான் தூரத்திலேயே கண்டுபோடும். கொப்புக்குள்ளை ஒளிச்செல்லோ இருக்கவேணும். அதுக்குக் குட்டைதான் சரி. வெள்ளிக்கிழமை போனிலை நான் கேக்க ட்ரெவரும் அதைத்தான் சொன்னவர்.”

“வெள்ளிக்கிழமையோ? அப்ப காலமை தொடக்கம் நெட்டை நெட்டை எண்டு நிண்டது?”

“அது எங்கடை மரத்துக்கு.”

என்னுடைய முதல் வைராக்கியமே இரண்டாவதைத் தின்றிருக்கிறது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கோபம் வந்தது. வெட்கம் அதைவிட அதிகமாக வந்தது. இனி இந்த வீட்டில் ஏணியையே தொடுவதில்லை என்று சொல்ல நிமிர்ந்தேன். வேலிக்கு மேலே மறுபடியும் மரகதத்தின் தலை தெரிந்தது.

“அண்ணே, எங்க வீட்டுக்காரரால மரம் ஏற முடியாது. அவருக்கு முதுகுவலி. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க மரத்துல கொஞ்சம் ஏறிப் பாத்துடுறீங்களா? அக்கா சரின்னுட்டாங்க. எந்த வில்லு எடுத்துட்டு வருவீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தமலர் சொன்னாள்.

“நெட்டை.”