செவப்பு இன்ஜினியரும் என் வீட்டுப் புங்கமரமும்

உத்திரமேரூரில் சூரியனையே வேலை வாங்கிய ஆள் ஒருவர்தான்: எங்கள் செவப்பு இன்ஜினியர். பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை மாடியில் வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பார். இன்னும் கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டரில் எழுப்பி, அதன்மேல் சித்திரை வெயிலை அடிக்க விடுவார். வேகப்போகிற அறை திரையில் சிவப்பாகிவிடும். "செவப்பு! செவப்பு!" என்று அவர் போடும் கூச்சலில் கீழே ஜெராக்ஸ் மிஷினே ஒருமுறை நின்றுபோனது.

"வாஸ்து பார்த்தாச்சு சார்" என்று முறைத்தார் ஒரு ரைஸ்மில்காரர்.

"பார்த்தவர இட்டாந்து மே மாசம் ரெண்டு மணிக்கு இந்த ரூம்ல படுக்க வையி. எழுந்துகினார்னா நான் தொழில வுட்டுடறேன்."

மில்காரர் பிளானைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

கட்டி முடித்த வீடுகளையும் விடமாட்டார். கோடையில் தெர்மாமீட்டரோடு கேட்காமல் நுழைவார். ஒரு அம்மா துடைப்பத்தை எடுத்தார்.

"இன்னாய்யா, பொம்பள தூங்கற ரூம்ல வந்து நிக்கிற?"

"கோச்சிக்காதம்மா. கம்ப்யூட்டர் சொன்ன சூடு சரியா கீதான்னு பார்த்துக்கினு போயிடறேன்."

என் மனை மேற்குப் பார்த்தது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவுக்கு, ரோடு தெரியட்டுமென்று முன்னறையை ஒதுக்கியிருந்தேன். திரையில் அது ரத்தச் சிவப்பு. இன்ஜினியர் மனையிலிருந்த புங்கமரத்தையும் வரைந்து சேர்த்தார். அறை நீலமாயிற்று.

"இந்த மரம் கீறவரைக்கும் உங்க நைனாவுக்குக் கவலயில்ல."

நான்தான் புத்திகெட்டவன். பஸ்ஸில் வரும் சொந்தக்காரர்களுக்கு என் வீட்டு முகப்பு டைல்ஸ் தெரியவேண்டுமென்று, கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்னால் மரத்தை வெட்டினேன்.

கிரகப்பிரவேசத்தன்று வந்த இன்ஜினியர் வெட்டிய அடிமரத்தைப் பார்த்தார். "மரத்த வெட்டிட்டு சோறு போடறியா?" இலையில் உட்காராமலே போய்விட்டார்.

கோடையில் லோ வோல்டேஜில் ஏசி ஓடவில்லை. "டேய், செவுரு கொதிக்குதுடா" என்று அப்பா மத்தியானமெல்லாம் முனகுவார். அந்த வருஷம் ஆனி மாசம் பிறப்பதைக்கூட அவர் பார்க்கவில்லை.

இன்ஜினியர் முகத்தில் விழிக்க வெட்கம். போன மாதம்தான் அந்த மாடி ஏறினேன். அவர் ஓசூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டாராம். அவர் ஆபீசில் பிளான் வரையும் கலா என் வீட்டு ஃபைலைத் திறந்தாள். திரையில் புங்கமரம் அப்படியே நின்றது. அறை நீலமாக இருந்தது.

"மரத்த எடுத்துடலாம்னு சொன்னேன் சார். 'வோணாம், இங்கயாவது பெரியவரு நெழல்ல படுத்துக்கினு இருக்கட்டும்'னுட்டாரு."

என்னைத் திட்டுவதற்காவது அந்த மனுஷர் ஒருமுறை திரும்பி வரலாம்.