கம்ப்யூட்டர் பயிற்சி பெற்ற வரலாறு

எங்கள் தொழிற்சாலையில் எதுவும் பழுதாவதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, அது நிர்வாகத்தின் கொள்கை. ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் கேட் அருகே ஒரு பலகை இருக்கும். கடைசியாகப் பழுது ஏற்பட்டு எத்தனை நாளாயிற்று என்று அதில் சிவப்பு எழுத்தில் ஓடும். எண் ஏற ஏற, பழுதைப் பற்றிப் பேசும் தைரியம் எல்லோருக்கும் இறங்கிக்கொண்டே வந்தது. கேன்டீனில் கிரைண்டர் நின்றுபோனபோது "ஓய்வில் உள்ளது" என்று எழுதி ஒட்டினார்கள். அது இன்னும் ஓய்வில்தான் உள்ளது. நாங்கள் உப்புமா சாப்பிடுகிறோம்.

நாங்கள் செய்வது காரின் கதவுக்குள் வைக்கும் ரப்பர் பட்டை. கண்ணாடி ஏறி இறங்கும்போது கிறீச்சென்று சத்தம் வராமல் அதுதான் பார்த்துக்கொள்கிறது. சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது எங்களுக்குப் பழகிய தொழில்.

அந்தத் திங்கட்கிழமை, மனிதவளத் துறையில் என் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர் சரியாகத் துவங்கவில்லை. பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. சின்னம் வந்தது. அதன் கீழே புள்ளிகள் வட்டமாக ஓடின. பிறகு திரை கறுத்து, உள்ளே ஏதோ 'டிக்' என்றது. மறுபடியும் விசிறி, விளக்கு, சின்னம், புள்ளிகள், கறுப்பு.

அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் எல்லோருடைய வேலை ஆவணங்களும் இருந்தன. போன வருடம் 'காகிதமில்லா அலுவலகம்' என்ற திட்டம் வந்தபோது, கோப்புகளை எல்லாம் அரைத்துக் கூழாக்கி, விருந்தினருக்குக் கொடுக்கும் பைகளாகச் செய்துவிட்டோம். நல்ல பைகள். காய்கறி வாங்கப் பலரும் அதைத்தான் எடுத்துப் போகிறார்கள்.

சிஸ்டம் பார்க்கும் டில்லிபாபு குன்றத்தூரிலிருந்து பைக்கில் வந்தார். அவர் எங்கள் ஆள் அல்ல, கான்ட்ராக்ட். பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஸ்டார்ட் ஆவுது, பாதில வுய்ந்துடுது. உள்ள ராம் கார்டைக் கழட்டித் தொடச்சிப் போட்டா சரியாப் பூடும். இல்லாங்காட்டி பவர் சப்ளை. தொறந்து பாத்தாதான் தெரியும். ஒரு டிக்கெட் போட்டுக் குடுங்க மேடம்."

டிக்கெட், அதாவது சரிசெய்யச் சொல்லும் கோரிக்கை, போடுவதில் ஒரு சிறு சங்கடம் இருந்தது. அதில் காரணம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு: பழுது. அதை அழுத்திய நொடியில் கேட் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமையோ 'பழுதில்லா ஆலை' விருதுக்கான தேர்வுக் குழு வருகிறது.

எங்கள் மனிதவள மேலாளர் சிவசங்கர் விஷயத்தைக் கேட்டதும் முதல் காரியமாகக் கதவைச் சாத்தினார். இதை வேறு யாரிடமாவது சொன்னேனா என்று விசாரித்தார். இல்லை என்றேன். நான் பொதுவாக யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு அந்த மேஜை. அடுத்ததாக அவர் இனியவனுக்கு ஆள் அனுப்பினார்.

இனியவன் மேன்மைத் துறையின் தலைவர். எங்களிடம் அப்படி ஒரு துறை உண்டு. புனேயில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்விட்டு அவர் ஜப்பானிய வணக்கத்தோடு திரும்பினார். அன்றிலிருந்து ஷிஃப்ட் துவங்கும்போது எல்லோரும் இயந்திரத்துக்கு இடுப்பை வளைத்து வணக்கம் சொல்ல வேண்டும். வந்தவர் கம்ப்யூட்டருக்கும் வளைந்து வணங்கிவிட்டு, அது நாலைந்து தடவை எரிந்து அணைவதை நின்று பார்த்தார்.

"இது துவங்கவில்லை என்று யார் சொன்னது?" என்று கேட்டார். "மற்ற கம்ப்யூட்டர்கள் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் துவங்குகின்றன. இது நிமிடத்துக்கு ஒரு முறை துவங்குகிறது. இந்த ஆலையிலேயே அதிகமாகத் துவங்கும் கம்ப்யூட்டர் இதுதான்."

சிவசங்கருக்கு உயிர் வந்தது. இருந்தாலும் துவங்கியபின் வேலை எதுவும் செய்யவில்லையே என்று மெல்ல இழுத்தார்.

அதற்கு இனியவன் ஐந்து முறை ஏன் கேட்டார். எந்தச் சிக்கலுக்கும் ஐந்து முறை ஏன் என்று கேட்டால் வேர் தெரிந்துவிடும் என்பது முறை. ஐந்தாவது ஏனுக்கு வரும் விடை, அறையில் இருக்கும் எவரையும்விடக் கீழான பதவியில் இருக்கும் ஒருவரிடம் போய் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆலையின் கூடுதல் முறை. அன்று அறையில் நான் இருந்ததால் அதற்கும் கீழே போக வேண்டியிருந்தது. கடைசியில் கம்ப்யூட்டரே காரணம் என்று முடிவானது: வேலை தெரியவில்லை, தெரியாததற்குக் காரணம் பயிற்சி இல்லை.

எங்கள் ஆலையில் எந்தத் தவறுக்கும் தீர்வு பயிற்சிதான். ஃபோர்க்லிஃப்ட் சுவரில் மோதினால் டிரைவருக்குப் பயிற்சி. கூரை ஒழுகினால் கீழே நிற்பவருக்குப் பயிற்சி. ஆகவே அன்று பிற்பகல் கம்ப்யூட்டர் டிரெய்னியாகச் சேர்க்கப்பட்டது. சின்னம் தெரிந்த சமயம் பார்த்துப் படம் எடுத்து, டிரெய்னிகளுக்கான மஞ்சள் அட்டையை மானிட்டர் கழுத்தில் மாட்டினோம். சுவரில் அதன் பெயருக்கு நேரே ஒரு வட்டம் வரைந்தோம். ஒவ்வொரு திறமைக்கும் வட்டத்தில் கால் பங்கு கறுப்பாகும். விளக்கு எரிய வைத்ததற்கு ஒரு கால் உடனே கிடைத்தது.

டிரெய்னிக்குச் சொல்லித்தர ஓர் அனுபவசாலி வேண்டும். பெர்மனென்ட் ஆட்கள் யாரும் நேரமில்லை என்றார்கள். அப்போதுதான் ஷீபா தன் ஆர்டரைக் கேட்டு எங்கள் அறைக்கு வந்தாள்.

ஷீபா நாசரேத் பக்கத்துப் பெண். பென்னலூரில் அறை எடுத்துத் தங்கி, லைனில் ரப்பர் பட்டை வெட்டுகிறாள். அவளுடைய டிரெய்னிங் காலம் வெள்ளி மாலையோடு முடிகிறது. அதற்குள் பெர்மனென்ட் ஆர்டர் அச்சாகி வராவிட்டால் அவள் வேலையில் இல்லாதவளாகி, மறுபடி கேட்டில் புதிய ஆளாக வரிசையில் நிற்க வேண்டும். ஏற்கெனவே சில முறை அப்படி நின்றிருக்கிறாள். புதிய ஆட்களிலேயே அவள்தான் பழைய ஆள்.

இந்த முறை அவள் அவசரப்பட்டதற்குக் காரணம் ஜெபர்சன். வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனியில் அவனும் டிரெய்னி. இருவரில் ஒருவராவது பெர்மனென்ட் ஆனால்தான் நிச்சயதார்த்தம் என்று இரண்டு வீட்டாரும் சொல்லிவிட்டார்கள். ஷீபாவுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருப்பதாக சிவசங்கர் போன மாதமே வாயால் சொல்லியிருந்தார். அதை நம்பி ஞாயிறு மாலை ஜெபக்கூடத்தில் நிச்சயம் என்று வைத்து, கேக்குக்கும் சொல்லியாகிவிட்டது.

"ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தா போதும்லா சார்?" என்றாள் ஷீபா.

ஆர்டர் சிஸ்டத்திலிருந்துதான் வர வேண்டும் என்றும், கையால் எழுதுவது காகிதமில்லாக் கொள்கைக்கு விரோதம் என்றும் சிவசங்கர் விளக்கினார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். டிரெய்னியாக இருப்பதில் இவ்வளவு அனுபவம் உள்ளவர் இந்த ஆலையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று இனியவனைக் கேட்டார். இப்படியாக ஷீபா கம்ப்யூட்டரின் ஆசிரியை ஆனாள். அது எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அவளுடைய ஆர்டர் வரும் என்றும் சொல்லிவைத்தார்கள்.

மறுநாள் காலையிலிருந்து அவள் அதன் எதிரே உட்கார்ந்தாள். முதல் பாடம் பாதுகாப்பு. ஹெல்மெட் அணிவது எப்படி, தீ பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று அச்சிட்டதை வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தாள். தீ பிடித்தால் ஓட வேண்டும் என்ற இடத்தில் அது அணைந்தது. புரிந்துகொண்டது என்று இனியவன் வட்டத்தில் இன்னொரு காலைக் கறுப்பாக்கினார்.

அவர் போனதும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏ, இங்க பாரு. ரெண்டே நிமிசம் முழிச்சிக்கிட்டு இரி. எம் பேரை மட்டும் அடிச்சித் துப்பிட்டு அப்புறம் எத்தன வருசம்னாலும் உறங்கு," என்று அதனிடம் கேட்டுக்கொண்டதை நான் கேட்டேன். அது 'டிக்' என்றது.

புதன்கிழமை டில்லிபாபு எட்டிப் பார்த்தார். யாருக்கும் தெரியாமல் திறந்து துடைத்துவிட முடியாதா என்று ஷீபா கெஞ்சினாள்.

"முந்தாநேத்து வரைக்கும் மெஷினு, தொறக்கலாம். இப்போ ஸ்டாஃபும்மா," என்றார் அவர். "ஸ்டாஃப் ஒடம்புல ஸ்க்ரூ டிரைவர் வச்சா எம்மேல கேஸு ஆயிடும். இன்னாத்துக்கு வம்பு."

வெள்ளிக்கிழமை குழு வந்தது. தலைவர் கோமதியம்மாள், பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லா இயந்திரத்துக்கும் வளைந்து வளைந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார்.

"இது ஏன் அணைந்து அணைந்து எரிகிறது?"

"கற்றுக்கொண்டிருக்கிறது மேடம்," என்றார் இனியவன்.

"யார் கற்றுக்கொடுப்பது?"

இனியவன் ஷீபாவைக் காட்டினார். கோமதியம்மாள் அவள் கழுத்தில் இருந்த மஞ்சள் அட்டையையும் மானிட்டர் கழுத்தில் இருந்த மஞ்சள் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். மனிதரையும் இயந்திரத்தையும் இவ்வளவு சமமாக நடத்தும் ஆலையைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று தழுதழுத்தார். ஆனால் விதியில் ஓர் இடறல் இருந்தது. டிரெய்னி நிலையில் உள்ள எதையும் விருதுக் கணக்கில் சேர்க்க முடியாது. மாலைக்குள் இதைப் பெர்மனென்ட் ஆக்கிவிட்டால் விருது உறுதி.

சிவசங்கர் கொஞ்சம் யோசித்தார். இந்தக் காலாண்டுக்கு மனிதவளத் துறையிடம் இருந்தது ஒரே ஓர் இடம்.

ஆர்டர் எப்படிப் போடுவது என்ற கேள்வி எழுந்தது. சிஸ்டத்திலிருந்துதான் வர வேண்டும். ஆனால் தன் ஆர்டரைத் தானே அச்சிட்டுக்கொள்வது நெறிமுறைக்குப் புறம்பு. ஆகவே இந்த ஒரு நேர்வில் மட்டும், சிறப்பு அனுமதியுடன், காகிதத்தில் கையால் எழுதப்பட்டது. என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் என்னையே எழுதச் சொன்னார்கள். கோமதியம்மாள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நீல அட்டையை மாட்டிவிடும் கௌரவம் ஆசிரியைக்கு என்று இனியவன் அறிவித்தார். ஷீபா மஞ்சள் அட்டையைக் கழற்றி, நீல அட்டையை மாட்டி, கயிறு முறுக்கிக்கொள்ளாமல் நேராக்கியும் விட்டாள். எல்லோரும் கை தட்டினோம். ஆளுக்கொரு காகிதப் பை கொடுத்தார்கள். ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதியதும் ஷீபா வேலையில் இல்லாதவளானாள்.

கேட்டுக்கு வெளியே நின்று அவள் அம்மா அன்னபுஷ்பத்திடம் போனில் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். தன் இடத்தை இந்த வாரம் சேர்ந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். கம்ப்யூட்டர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அந்தப் பையன் எந்தச் சபை?" என்றார் அம்மா. "கல்யாணம் ஆயிட்டாமா?"

ஞாயிறன்று நிச்சயம் நடக்கவில்லை. கேக் வீணாகக் கூடாதென்று ஜெபக்கூடத்தில் யாருடைய பிறந்தநாளையோ கொண்டாடினார்களாம்.

திங்கட்கிழமை நான் பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றவில்லை. விளக்கு எரியவில்லை. பெர்மனென்ட் ஆனதும் அது துவங்குவதையும் விட்டுவிட்டது. சிவசங்கரிடம் சொன்னேன். பெர்மனென்ட் ஆட்களை அப்படியெல்லாம் கேள்வி கேட்க முடியாது என்றார்.

அவருக்கு அதைவிடப் பெரிய கவலை வந்திருந்தது. விருது மலரில் பெயர் போடுவதற்காக, பெர்மனென்ட் ஊழியர் அனைவரின் ஆர்டர் நகலையும் உடனே அனுப்பும்படி குழு கேட்டிருந்தது. ஆர்டர்கள் எல்லாம் அதன் உள்ளே. வெளியே இருந்தது ஒன்றே ஒன்று, என் குண்டுக் கையெழுத்தில்.

இனியவன் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முறை ஏன் கேட்டார். ஆதாரம் உள்ள ஒரே பெர்மனென்ட் ஊழியர் கம்ப்யூட்டர்தான் என்ற முடிவு வந்தது. மற்றவர்கள், நிர்வாக இயக்குநர் உட்பட, ஆதாரம் வெளிப்படும் வரை டிரெய்னிகளாகக் கருதப்படுவார்கள். அது தற்காலிக ஏற்பாடு. இப்போதாவது திறக்கட்டுமா என்று டில்லிபாபு கேட்டார். பெர்மனென்ட் ஊழியரைத் திறக்க இன்னொரு பெர்மனென்ட் ஊழியரின் கையெழுத்து வேண்டும். அப்படி யாரும் இல்லை. அவர் டீ குடிக்கப் போனார்.

மறுநாள் காலை மஞ்சள் அட்டை வாங்க நாங்கள் எல்லோரும் கேட்டில் வரிசையில் நின்றோம். லாரிகள் எங்களை ஒட்டிக்கொண்டு போயின. முதலில் ஷீபா நின்றாள். எந்த வரிசைக்கு எப்போது வர வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பின்னால் சிவசங்கர், அவருக்குப் பின்னால் இனியவன், பிறகு நான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சிவசங்கர் கர்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, முன்னால் இருந்தவளிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"இது எப்பம்மா சரியாகும்?"

ஷீபா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, புதிதாகச் சேர்ந்தவரிடம் காட்டும் பரிவுதான் இருந்தது.

"மொத தடவதான் சார் ஒரு மாதிரி இருக்கும்," என்றாள். "அப்புறம் கேக்கவே தோணாது."