பிடித்துப்போனால் பார்க்கமாட்டார்

வாசகரே, தனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்பதை வெளியே காட்டாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. அதன் பெயர் ஸ்கவுட். பேஸ்பால் அணிகளுக்காக ஊர் ஊராக அலைந்து, நாளைக்குப் பெரிய ஆட்டக்காரனாகக் கூடிய பையனை இன்றைக்கே கண்டுபிடித்துச் சொல்வது அதன் தொழில். அதிலும் ஒரு கிளை இனம் உண்டு. கேட்சரை மட்டும் பார்க்கிற ஸ்கவுட். மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடியும் கவசமும் மாட்டிக்கொண்டு, ஆட்டம் முழுக்கக் குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் வாங்கிக்கொள்கிற பையன்தான் கேட்சர். அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதற்காக ஒருவர் மூன்று மாநிலம் தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார் என்றால் அவரை என்னவென்று சொல்வது?

நான் அப்பா என்றுதான் சொன்னேன். மெர்ல் ஆஸ்ட்ராண்டர். மார்ச் மாதம் இறந்துவிட்டார். ஆகவே கீழே நான் எழுதுவதில் பிழை இருந்தால் திருத்த ஆள் இல்லை.

அயோவாவிலோ நெப்ராஸ்காவிலோ மைனர் லீக் என்னும் கீழ்நிலை அணிகள் ஆடும் எந்த மைதானத்துக்கு வேண்டுமானாலும் போங்கள். மட்டைக்காரனுக்கு நேர் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம், நான்காவது ஐந்தாவது வரிசையில் இந்த இனம் உட்கார்ந்திருக்கும். தலையில் வைக்கோல் தொப்பி. மடியில் வேகம் அளக்கும் ராடார் துப்பாக்கி. கன்னத்தில் சூரியகாந்தி விதை. கையில் அதன் தோலைத் துப்ப ஒரு காகிதக் கோப்பை. பக்கத்து இருக்கைக் குடும்பம் முதல் நாள் அந்தக் கோப்பையைக் காப்பி என்று நினைக்கும். மறுநாள் இருக்கை மாறிவிடும்.

இத்தனை செலவழித்து வந்த மனிதர் ஆட்டத்தைப் பார்க்கிறாரா? பார்க்கவே மாட்டார். "யார் ஜெயிக்கிறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ஆட்டத்துல?" என்பார். எல்லோரும் எழுந்து கத்தும்போது இவர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவார். எல்லோரும் பியர் வாங்கப் போகும்போது நிமிர்ந்து உட்காருவார். ஏனென்றால் இன்னிங்ஸ் எனப்படும் ஒன்பது சுற்றில் ஒவ்வொன்றும் தொடங்குமுன் பந்து வீசுபவன் கையைச் சூடுபடுத்திக்கொள்ளச் சில பந்துகள் போடுவான். கடைசிப் பந்தை வாங்கின கேட்சர் சட்டென்று எழுந்து, எதிர்க்கோடியில் இருக்கும் இரண்டாவது பேஸுக்கு ஓர் எறி எறிவான். ஆட்டக் கணக்கில் சேராத எறி. அதற்குத்தான் வந்திருக்கிறார். பந்து கேட்சரின் கையுறையில் விழும் 'டப்', அந்தப் பக்கத்துக் கையுறையில் விழும் 'டப்', இரண்டுக்கும் நடுவே அவர் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை இருமுறை அழுத்தும். இரண்டு வினாடிக்குள் இருந்தால் பையனுக்கு எதிர்காலம். இல்லையென்றால் பையனுக்கு அவன் அப்பாவின் கடை.

அப்பா என்றதும் நினைவு வருகிறது. இந்த இனம் பையனைப் பார்ப்பதற்கு முன் பையனின் பெற்றோரைப் பார்க்கும். சம்பந்தம் பேசப் போனவர்கள்கூட இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். அம்மா கேலரிப் படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாளா? அப்பா எழுந்தால் நாற்காலியும் கூட எழுகிறதா? பையன் இருபத்தெட்டு வயதில் எப்படி இருப்பான் என்பது அப்பாவின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறதாம். எங்கள் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும் அவர்கள் விடைபெற்றுத் திரும்பி நடக்கும்போது என் அப்பா வாசலில் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். மரியாதை என்று அவர்கள் நினைத்தார்கள்.

இந்த இனத்துக்கு மொழி குறைவு. இரண்டு வாக்கியத்தில் வாழ்க்கையை ஓட்டிவிடும். ஒன்று, "நல்ல முகம்." பையனிடம் ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்று பொருள். அவர் மகளான நான் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சரிசெய்யும் பொறியாளர். நல்ல முகத்தை எந்த அலகில் அளப்பது என்று ஒருமுறை கேட்டேன். கோப்பையில் துப்பினார்.

இன்னொன்று, "கேட்சர் மெதுவாத்தான் வருவான்." கேட்சர்கள் பழுக்க நாளாகும் என்பது உண்மைதான். ஆனால் இதை அவர் கேட்சரோடு நிறுத்தவில்லை. என் தம்பி டீன் மூன்று தடவை கல்லூரி மாறியபோது சொன்னார். அடுப்பில் உருளைக்கிழங்கு வேகாதபோது சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வரத் தாமதமானபோதும் சொன்னார். அன்றைக்கு நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார்.

இப்போது இந்த இனத்தின் தலையாய விதிக்கு வருவோம். பிடிக்காத பையனை வாயாரப் புகழ வேண்டும். பிடித்த பையனைப் பார்க்கவே கூடாது.

காரணம் எளிது. பக்கத்து இருக்கையில் எதிர் அணியின் ஸ்கவுட் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கண் எங்கே நிற்கிறதோ அங்கே அவர் கண்ணும் போகும். ஆகவே பிடித்த பையன் மட்டை எடுத்தால் நீங்கள் ஹாட் டாக் வாங்கப் போகவேண்டும். அவன் எறிந்தால் ஸ்டாப்வாட்சைப் பாக்கெட்டுக்குள் வைத்தே அழுத்தவேண்டும். ரொம்பவும் பிடித்துப்போனால் கொட்டாவி விட்டுவிட்டு வீட்டுக்கே கிளம்பிவிட வேண்டும்.

நெப்ராஸ்காவில் வேட் ஹ்ருஷ்கா என்ற பள்ளிக்கூடப் பையன் கேட்சராக ஆடினான். அவனைப் பார்த்த அன்று என் அப்பா மூன்றாவது இன்னிங்ஸிலேயே எழுந்து, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஊரைச் சுற்றி, சோளக்காட்டு மண்பாதையில் திரும்பி, மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் தானியக் கிடங்கின் மறைவில் வண்டியை நிறுத்தி, தொலைநோக்கியோடு இறங்கினார். அங்கே ஏற்கெனவே ஒரு கார் நின்றது. எதிர் அணி ஸ்கவுட்டும் அவருடைய உயிர் நண்பருமான எர்வ் ஷ்லோட்மன் அதன் மேல் சாய்ந்துகொண்டிருந்தார். அவரும் இரண்டாவது இன்னிங்ஸில் சலித்துக்கொண்டு எழுந்து போனவர்தான்.

"என்ன மெர்ல், வண்டி மக்கர் பண்ணுதா?"

"ஆமாம்ப்பா. உனக்கு?"

"எனக்கும் அதேதான்."

இரண்டு பேரும் ஆட்டம் முடியும்வரை வண்டியின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தார்கள்.

அந்த வருடம் வேட் ஹ்ருஷ்காவை அப்பாவின் அணி எடுத்துக்கொண்டது. எர்வ் ஒரு வாரம் அப்பாவின் போனை எடுக்கவில்லை. எட்டாம் நாள் இருவரும் ஒரே காரில் மிசௌரிக்குப் போனார்கள். அப்பா காலமாகும்வரை அப்படித்தான் போனார்கள். பெட்ரோல் செலவு பாதிப் பாதி. பொய் மட்டும் அவரவர் செலவு.

இந்த ஜூலையில் நான் எல்க் ஃபோர்க் மைதானத்துக்குப் போனேன். அப்பாவிடம் இருந்த ராடார் துப்பாக்கியைத் திருப்பித் தரும்படி அணி நிர்வாகம் கேட்டிருந்தது. வாங்கிக்கொண்டவர் பிரெண்ட். கீழ்நிலை ஆட்டக்காரர்களுக்கெல்லாம் பொறுப்பான புதிய அதிகாரி. மரியாதையான இளைஞர், மடியில் லேப்டாப். அப்பாவின் இருக்கையில் என்னை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு இருக்கை தள்ளி எர்வ். கீழே முகமூடிக்குள் வேட் ஹ்ருஷ்கா.

வேட் மூன்று வருடமாக அதே கீழ்ப்படியில் இருக்கிறான். மட்டையில் ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அணியில் இரண்டு கேட்சருக்கு இடமில்லை. அவனா, கலிபோர்னியாவிலிருந்து வந்த மற்றொருவனா என்று பிரெண்ட் அன்றைக்கே முடிவு சொல்லியாக வேண்டும். அனுப்பிவிட்டால் வேறொரு அணி ஏதாவது ஓரத்தில் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளாமலும் போகலாம். எடுத்தாலும் அடியிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். கேட்சரின் முழங்கால் இரண்டு தடவை தொடங்காது. அவன் மனைவி மூன்றாவது வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்து, எங்கள் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரெண்ட் குரலைத் தாழ்த்தினார். "உங்க அப்பாதான் இவனைக் கொண்டுவந்தது. வீட்டுல இவனைப் பத்தி என்ன சொல்வார்?"

"ஒண்ணும் சொன்னதில்ல."

"ஒண்ணுமேவா?"

"பேரைக்கூட எடுத்ததில்ல."

பிரெண்ட் தலையை ஆட்டினார். "நானும் விசாரிச்சேன். கலிபோர்னியாப் பையனைத்தான் போற இடமெல்லாம் தூக்கிவெச்சுப் பேசியிருக்கார். அப்ப சரி."

அந்த இரண்டு வார்த்தையும் எர்வின் காதில் விழுந்துவிட்டன. அவர் விதைத்தோலைத் துப்பிவிட்டு எங்கள் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, எதிர் அணிக்காரன் சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காதே. அந்த ஹ்ருஷ்கா தங்கமான பையன். பாவம், காலு ரெண்டும் தேஞ்சுபோச்சு. ஊருக்குப் போய் அப்பனோட தீவனக் கடையில உட்காந்தான்னா மகராசனா இருப்பான். மெர்லும் கடைசில அதைத்தான் நெனச்சான்."

"அப்படியா சொன்னார்?"

"சொல்லணுமா என்ன? பழகினவனுக்குத் தெரியாதா?"

அடுத்த இன்னிங்ஸ் தொடங்க இருந்தது. கூட்டத்தைக் குஷிப்படுத்துவதற்கென்றே இருக்கும் ஆளுயரச் சோளக்கதிர்ப் பொம்மை, உள்ளே யாரோ ஒரு பாவப்பட்டவர், குழந்தைகளுக்கு நடுவே ஆட ஆரம்பித்தது. கூட்டம் முழுக்க அதைப் பார்த்தது. எர்வும் பார்த்தார். பார்த்ததோடு கைதட்டவும் செய்தார்.

ஒற்றைக் கையால். தொடையில்.

நான் சிறுவயது முதலே எர்வை அறிவேன். அவர் ஒரு பொம்மையை ஏறெடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை. அவருடைய வலது கை கோட்டுப் பாக்கெட்டுக்குள் இருந்தது. அயோவாவில், ஜூலை மாதம், நாய்கூட நிழலை விட்டு வராத மத்தியானத்தில், அவர் கோட்டு போட்டிருந்தார்.

கீழே கடைசிப் பந்து வந்தது. டப். வேட் எழுந்தது எனக்குத் தெரியவில்லை. எறிந்து முடித்து நின்றதுதான் தெரிந்தது. டப். எர்வ் சோளக்கதிரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பாக்கெட்டு மட்டும் இரண்டு தடவை துடித்தது.

"எர்வ் அங்கிள், மணி என்ன?" என்றேன்.

"கையில வாட்ச் இல்லியே, கண்ணு."

"பாக்கெட்ல இருக்கே."

அவர் சோளக்கதிரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிரெண்ட் என்னைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார். பிறகு வானத்தில் சூரியனைப் பார்த்தார். படித்த பிள்ளை. இருக்கையை விட்டு எழுந்து எர்வுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையை நீட்டினார்.

எர்வ் நீண்ட மூச்சு விட்டுவிட்டு ஸ்டாப்வாட்சை எடுத்து அந்தக் கையில் வைத்தார். "செத்தும் என்னை விடமாட்டேங்கறான் பாரு உங்கப்பன்" என்றார் என்னிடம். "நீங்க அவனை அனுப்பினதும் நான் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருந்தேன். எங்க ஆபீஸ்ல சம்மதம்கூட இன்னும் வாங்கல."

"அப்ப அந்தக் கலிபோர்னியாப் பையன்?"

"அவனை எங்க தலையில கட்டத்தானே மெர்ல் ஊரெல்லாம் புகழ்ந்தான்! அந்தப் பேச்சை நம்பி நாங்க வாங்கற மாதிரி இல்ல. நீதான் நம்பிட்டே."

ஸ்டாப்வாட்சில் என்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அதே எண் பிரெண்டின் லேப்டாப்பில் ஏப்ரல் மாதத்திலிருந்தே இருந்ததாம். எண் அவருக்குத் தெரியும். அந்த எண்ணுக்காக ஒரு கிழவர் ஜூலையில் கோட்டு போடுவார் என்பதுதான் தெரியாது.

பிரெண்ட் லேப்டாப்பை மூடினார். வேட் அணியிலேயே இருப்பான் என்று போனில் யாரிடமோ சொன்னார். மறுமுனையில் ஏன் என்று கேட்டிருக்கவேண்டும். "கேட்சர் மெதுவாத்தான் வருவான்" என்றார். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார். அந்த இனத்தில் சேர்வது அவ்வளவு சுலபம். மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் இன்னும் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றில் ஒன்றும் இல்லை. நல்ல செய்தி வேறு வழியாகத்தான் அவளுக்குப் போய்ச்சேரும்.

ஆட்டம் முடிந்து எர்வ் என்னோடு என் கார்வரை வந்தார். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"இத்தனை வருஷம் ஒரே கார்ல போனீங்க. அப்பா என்ன பேசுவார்?"

"என்னத்தப் பேசுவான்? உன் தம்பியைப் பத்தித்தான். டீன் படகு வாங்கினான், டீன் கூரை மாத்தினான், டீன் அந்த வேலையை விட்டுட்டு இந்த வேலைக்குப் போறான். என் காது ரெண்டும் புளிச்சுப்போச்சு, மார்னி."

"என்னைப் பத்தி?"

எர்வ் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

"ஒரு வார்த்தை பேசினதில்ல" என்றார். "உன் பேரை எடுத்தா ரேடியோவைச் சத்தமா வெச்சுடுவான்."

சொல்லிவிட்டு அவர் விளக்குக் கம்பத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நானும் விளக்குக் கம்பத்தைப் பார்த்தேன். நல்ல கம்பம். அணி திருப்பிக் கேட்டது ராடார் துப்பாக்கியை மட்டும்தான். அப்பாவின் ஸ்டாப்வாட்சை யாரும் கேட்கவில்லை. அது என் பாக்கெட்டில், என் கைக்குள் இருந்ததை எர்வ் பார்த்துவிட்டார்.

சரி வாசகரே, எங்கோ சோளக்காட்டு ஓரத்தில் வாழும் விசித்திர மனிதர்கள் என்று நீங்கள் சிரித்துவிட்டுப் போகலாம். போவதற்குமுன் ஒன்று. சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் உங்கள் பிள்ளைகளில் ஒருவரைப் பற்றி அரைமணி நேரம் முழங்கினீர்கள். எதிரே இருந்தவர், "அது சரி, மத்தவ எப்படி இருக்கா?" என்று கேட்டார். "இருக்கா, இருக்கா" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தீர்கள். அப்போது அவள் உங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பாக்கெட்டிலிருந்து கையை எடுங்கள்.