கப்பல் நேராக நிற்கிறது

அருங்காட்சியகத்துக்கு ஒரு மாதிரித் துறைமுகம் தேவைப்பட்டது. அசல் துறைமுகம் அதன் ஜன்னலுக்கு வெளியிலேயே இருந்தது. ஆனால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திறப்புவிழா நடத்த முடியாதல்லவா?

வேலை பொம்மைக்காரம்மாவுக்கு வந்தது. போர்க்கப்பல்கள் வரிசையாக அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வந்து நின்றன. குடும்பம் தரைக்கு இறங்கியது.

"ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டார் முதல்முதலா சாப்பிட வர்றாங்க. எங்க உட்கார வைக்கிறது? பீரங்கி மேலயா?" என்றார் கணவர்.

"இன்னைக்கு ஆபீசர் பார்த்து சரின்னுட்டா வண்டியில ஏத்திடுவேன். வாயை மூடிக்கிட்டு அந்தப் பசையை எடுங்க."

கடற்படையின் துல்லியச் சரிபார்ப்பு அதிகாரி பூதக்கண்ணாடியோடு எழுந்தருளினார்.

"கப்பலைக் கட்டின கயிறெல்லாம் ஏன் தொய்ஞ்சு கிடக்கு?"

"கடல் ஏறும், இறங்கும் சார். கப்பலும் கூடவே இறங்கணுமே. இழுத்துக் கட்டினா தொங்கிடும்."

"நம்ம கடற்படையில தொய்வா? விறைப்பா இருக்கட்டும்மா."

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கண்ணில் ஆடியது. இழுத்து ஒட்டினாள். அதிகாரி மனமுவந்து ஒப்புதல் அளித்தார்.

பெட்டியை அருங்காட்சியகத்தில் இறக்கிவிட்டு அவர் ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே அசல் கப்பல்களின் கயிறுகள் வெட்கமில்லாமல் தொய்ந்து கிடந்தன. மாதிரிக்கு ஒப்புதல் ஆகிவிட்டது. துறைமுகத்துக்கு இதுவரை யாரும் ஒப்புதல் கொடுத்ததில்லை. ஆகவே பிழை எந்தப் பக்கம் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. உத்தரவு பறந்தது. மாலுமிகள் கயிறுகளை வீணைத் தந்தியாக முறுக்கினார்கள்.

கடலுக்கு மட்டும் உத்தரவின் நகல் போகவில்லை. அது வழக்கம்போல இறங்கியது. கப்பல்கள், சுவரில் சாய்ந்து வம்பளப்பவர்கள் மாதிரி, கரைப்பக்கம் ஒருக்களித்துத் தொங்கின. சமையலறைக் குழம்பு மேல்தளத்துக்கு வந்தது.

சனிக்கிழமை அதிகாரி போன் செய்தார்.

"அம்மா, உங்க மாதிரியில பெரிய தப்பு."

"என்ன சார்?"

"கப்பல் நேரா நிக்குது."

"அங்க கயிறைத் தளர்த்திவிடுங்களேன் சார்!"

"தளர்த்தினா உத்தரவு தப்புன்னு ஆயிடாதா? நீங்க வந்து சாய்ச்சிடுங்க. இல்லேன்னா பெட்டியைத் திரும்ப உங்க வீட்டுக்கே அனுப்பிடறேன்."

அவள் மேஜையைப் பார்த்தாள். அப்போதுதான் துடைத்து, புது விரிப்பு போட்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் சார் சாய்க்கணும்?"

ஞாயிறு காலை திறப்புவிழா. 'உள்ளது உள்ளபடி' என்று பித்தளையில் பலகை. பெட்டிக்குள் கப்பல்கள் சாய்ந்திருந்தன, ஜன்னலுக்கு வெளியேயும் அப்படியே. வந்தவர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்துப் பார்த்து, "என்ன துல்லியம்!" என்று கை தட்டினார்கள். சாய்ந்த தலையோடே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் ஊரில் நிமிர்ந்த தலை நாகரிகமில்லாததாகிவிட்டது.

சம்பந்தி வீட்டார் அங்கிருந்து நேரே சாப்பிட வந்தார்கள், சாய்ந்த தலைகளோடு.

"கப்பல் எல்லாம் தத்ரூபம் சம்பந்தி!" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "ஆனா உங்க மேஜைதான் கொஞ்சம் கோணலா இருக்கு."

பொம்மைக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அட, ஆமா!" என்றாள். "என்னங்க, அந்தக் காலுக்கு அடியில ஒரு அட்டையைச் செருகுங்க."