எலிக்கு வந்த கம்பி

மூளைக்குள் கம்பி இழுக்கும் வித்தை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அமெரிக்காவில் இருப்பதாகக் கேள்வி. இன்னொருவர் எங்கள் கம்பிக்காரர்.

திராட்சைத் தோட்டங்களில் பந்தல் கம்பி கட்டுவது அவர் தொழில். 2006 வாக்கில் நான் கம்பம் டவுனில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். எல்லோரும் பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள். இவர் இடுப்பில் குறடோடு மூளை பார்க்க வருவார். அவர் மனைவி ராசாத்தி அக்காவுக்குக் கை நடுக்கம். மாத்திரைக்கு அடங்கவில்லை. திராட்சைக் குலை வெட்டக் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. அள்ளிய சோற்றில் பாதி மடியில் விழும். மூளையில் கம்பி வைத்து லேசாகக் கரண்டு கொடுத்தால் அடங்கும் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொல்லியிருந்தார்.

"தடிமன் ஒண்ணேகால் மில்லிமீட்டராம் தம்பி! அது நாம பந்தல்ல கட்டுற பதினெட்டாம் நம்பர் கம்பியாச்சே!"

தேடிப் படித்துச் சொன்னேன். முரட்டுக் கம்பியைச் சுற்றி மூளை தழும்பு போட்டு மூடிவிடுமாம். தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய கரிக்குழல்களைக் கம்பிமேல் பூசினால் நரம்பு அதோடு ஒட்டிப் பழகுமாம். அதற்குப் பேர் நானோ.

"சன்னமா இருந்தாத்தேன் கொடி தானாச் சுருண்டு புடிக்கும். முப்பது வருசமா நான் சொல்றத இப்பத்தேன் கண்டுபிடிச்சிருக்காக!"

அவ்வளவுதான், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். வாரம் தவறாமல் வந்து, "வந்துருச்சா?" என்பார்.

"இன்னும் எலிக்குத்தான்ணே வச்சுப் பாக்குறாங்க."

"எலிக்கு வந்துருச்சு, எம் பொண்டாட்டிக்கு வரலையா?"

ஒருநாள் அவர் பின்னாலேயே அக்காவும் கடைக்கு வந்துவிட்டார். நான் கொடுத்த டீ பாதி சேலையில் சிந்தியது.

"எலி நல்லா இருக்கட்டும். எனக்கு இருக்கிற கம்பியப் போடச் சொல்லுங்க. நீங்க கட்டுனதெல்லாம் தடிக்கம்பிதான? ஒரு கொடியாச்சும் காய்க்காம இருந்துச்சா?"

கம்பிக்காரர் அங்கேயே திருவனந்தபுரத்துக்குப் போன் போட்டு ஆபரேஷனுக்கு நாள் கேட்டார்.

ஆபரேஷன் நடந்தது. வெளியே வந்த டாக்டரிடம், "கம்பி இழுப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாராம். அடுத்த அறுவடையில் அக்கா தன் கையால் வெட்டிய முதல் குலையைக் கம்பிக்காரர் கொண்டுவந்து என் கீபோர்டு மேலேயே வைத்தார். வைத்த கையோடு, "வந்துருச்சா?" என்றார்.

"அக்காதான் நல்லாயிட்டாகளே, இன்னும் எதுக்குண்ணே?"

"அவளுக்கில்ல தம்பி. இனி கை நடுங்குறவுக இருப்பாகள்ல, அவுகளுக்கு."

சென்டரை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. பேப்பரில் நானோ என்று கண்டால் இன்றைக்கும் வெட்டி எடுத்து வைக்கிறேன். அவர் வந்து கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டுமே.